லாபம் மட்டும் கேட்கும் பங்காளி

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தை உறவினரின் ஜவுளிக்கடையில் முதலாகப் போடுவது நம் ஊர்களில் வழக்கம். 10 லட்சம் கொடுப்பார். மாதந்தோறும் 10,000 பெறுவார். முதல் குறையக் கூடாது என்பதும் பேச்சு. இதற்குப் 'பங்கு' என்று பெயர். பெயர்தான் பங்கு, உள்ளே இருப்பது வட்டி.

முளாரபாவில் லாபத்தை விகிதமாகப் பேசலாம், தொகையாக நிர்ணயிக்கலாகாது. இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடில்லை. நட்டம் முதலிட்டவரைச் சேரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். அவரது கவனக்குறைவோ மோசடியோ காரணமானால் மட்டுமே அவர் ஈடு செய்ய வேண்டும்.

கடுமையாகத் தோன்றும் இச்சட்டமே கடையைக் காக்கிறது. நட்டம் தம்மையும் தொடும் என்றறிந்தவர் கேள்வி கேட்பார். பெருநாளுக்கு எடுத்த சரக்கில் எவ்வளவு தேங்கிற்று? யார் யாருக்குக் கடன் கொடுத்தீர்கள்? கிடங்கில் தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு? மாதம் 10,000 கிடைத்தால் போதும் என்றிருப்பவரோ கணக்கேட்டைத் திறப்பதே இல்லை. விற்பனை சரிந்த மாதத்திலும் அத்தொகையைத் தந்தாக வேண்டிய கடைக்காரர், மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டியதை எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த பெருநாளுக்குச் சரக்குத் தருவார் யாருமில்லை. கடையும் போகிறது, உறவும் போகிறது.

அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது. கைக்குக் கை முடியும் வியாபாரத்திற்கு அதில் விலக்கு உண்டு, உறவினருக்கு இல்லை. ஏற்கெனவே இவ்வாறு பணம் போட்டிருப்போர், ரமளான் சரக்கு எடுக்குமுன் விகிதத்தைப் பேசி எழுதி, சாட்சிகளையும் வைத்துக்கொள்ளட்டும்.