கணக்கில் வராத பச்சைப் பூச்சி

சம்பா வயலில் புகையானைக் கணக்கெடுக்கும்போது பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று குறித்துக்கொள்கிறோம். தூருக்கு 1 புகையான் தென்பட்டால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். நல்ல பரிந்துரைதான். ஆனால் மிரிட் நாவாய்ப்பூச்சிக்கு அதில் இடமில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

ஏறத்தாழ 3 மி.மீ. நீளமுள்ள இந்தப் பூச்சி, புகையான் இருக்கும் வயலைத் தேடிப் பறந்து வருகிறது. புகையான் இலையுறையைக் கீறி உள்ளே முட்டைகளை வரிசையாகச் செருகிவிடும். சிலந்திக்கு அவை எட்டாது. மிரிட் தன் ஊசிவாயை இலையுறைக்குள் இறக்கி முட்டையை உறிஞ்சிவிடுகிறது. ஒரு நாளைக்கு 7 முதல் 10 முட்டை வரை காலி. குஞ்சுகளையும் விடுவதில்லை.

பச்சை நிறம்தான் அதற்கு வினை. பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். விவசாயி மட்டுமல்ல, கணக்கெடுக்கும் நம்மவர்களும்தான். குத்தைத் தட்டி, நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விழுவதைப் பாருங்கள். ஆப்பு வடிவில், பக்கவாட்டில் நகர்ந்து துள்ளுவது தத்துப்பூச்சி. நீண்ட உணர்கொம்பும் மெலிந்த காலும் கருந்தலையுமாக விறுவிறுவென ஓடுவது மிரிட்.

செயற்கை பைரித்ராய்டு அடித்த வயலில் புகையான் மீண்டும் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தில் மிரிட் மடிகிறது; இலையுறைக்குள் இருக்கும் முட்டை தப்பிவிடுகிறது. பத்து நாளுக்குள் குஞ்சு பொரித்தால் தின்ன ஆளில்லை. இப்படிப் பட்டுத் தெளிந்த இந்தோனேசியா 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. நம் கடைகளிலோ புகையானுக்கு முதலில் எடுத்து நீட்டுவது பல நேரம் பைரித்ராய்டு கலவைதான்.

புகையானைக் கட்டுப்படுத்த, பட்டம் பிரித்து நடுவதும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் எல்லாரும் அறிந்தவை. வரப்பில் எள் விதைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்; எள்ளுப்பூ மிரிட்டுக்கு உதவுவதைச் சீனாவின் செஜியாங் ஆய்வுகள் காட்டியுள்ளன. விளக்குப்பொறியில் புகையானோடு மிரிட்டும் விழும். பொறியைக் கொட்டுமுன் இரண்டையும் தனித்தனியே எண்ணி எழுதுங்கள். மிரிட் நிறைய விழுகிற வாரத்தில் பொறியை எரியவிடலாமா என்பதை அந்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம்.