மெஷினைத் தொடாத பயிற்சி எதுக்குங்க?

போன மாசம் பக்கத்து டவுன்ல ஒரு பயிற்சி வகுப்பு. எச்.டி.பி.இ. பைப் வெல்டிங். பக்கத்து வீட்டுப் பையன் போறான்னு நானும் கூடப் போனேன். காலையில பத்து மணியிலிருந்து திரையில படம் காட்டினாங்க. மெஷின் மூலையில கவர் கூடப் பிரிக்காம நின்னுச்சு. மூணு மணிக்குக் கவரைப் பிரிச்சாங்க. கரண்ட் கொடுக்கலை. ஒவ்வொருத்தரா பக்கத்துல நின்னு போட்டோ. நாலு மணிக்கு சர்டிபிகேட்!

இதுல என்ன பெரிய வயித்தெரிச்சல்னு டவுன்ல இருக்குற உங்களுக்குத் தோணலாம். சொல்றேன்.

பி.வி.சி. பைப்பைப் பசை தடவி ஒட்டிடலாம். இந்தக் கறுப்பு பைப்புல பசை பிடிக்காது, உருக்கித்தான் சேர்க்கணும். ரெண்டு முனையையும் சமமா சீவி, 200லிருந்து 220 டிகிரி வரை சூடான தட்டுல வச்சு, உருகினதும் தட்டை உருவிட்டு ஒண்ணோட ஒண்ணு அழுத்தணும். அவ்வளவுதான். தோசை சுடுறதையும் இப்படி ரெண்டு வரியில சொல்லிடலாம், சுட்டுப் பார்த்தாத்தானே தெரியும்?

ரெண்டு வருஷம் முன்னாடி போர்லருந்து தென்னங்கன்னுக்கு 63 மி.மீ. லைன் போட்டேன். ரெண்டு பசங்க வந்தாங்க. நல்ல காத்து. தட்டுக்கு ஒரு மறைப்பு இல்லை. நம்மூர் வோல்டேஜ்ல தட்டு சூடேறவே நேரமாகும், அதுக்கும் அவங்க காத்திருக்கலை. கிளாம்ப் இல்லாம ஆளுக்கொரு பக்கம் கையால தள்ளி ஒட்டினாங்க. ஒட்டின சூட்டோட ஒரு பாட்டில் தண்ணியை ஊத்திட்டு அடுத்த ஜாயின்ட்டுக்குப் போயிட்டாங்க. அழுத்தத்துலயே வச்சு தானா ஆறவிடணும், தண்ணி ஊத்தக்கூடாதுன்னு அன்னிக்கு எனக்கும் தெரியாது. வெளியில பார்த்தா மடிப்பு அழகாத்தான் இருந்துச்சு. குழியை மூடிட்டோம்.

சித்திரையில, ராத்திரி மோட்டார் ஓடிட்டு இருக்கும்போது ஜாயின்ட் விட்டுப்போச்சு. காலையில தோண்டிப் பார்த்தா, பிஞ்ச இடம் கத்தியால நறுக்கின மாதிரி வழவழன்னு இருக்கு. உள்ளே ஒட்டவே இல்லை, சும்மா தொட்டுக்கிட்டு நின்னிருக்கு. ராத்திரி முழுக்கத் தண்ணி ஓடைக்குப் போயிருச்சு. ஒண்ணைச் சரி பண்ணினா அடுத்த வாரம் இன்னொண்ணு. பதினோரு கன்னு காஞ்சுபோச்சு.

அந்தப் பசங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. மெஷினைக் கையில கொடுத்தவன் தொழிலைக் கொடுக்கலை. குழி மூடினா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைக்கிறவங்க மேலதான் கோபம். அதைவிட, சர்டிபிகேட் கொடுத்து அனுப்புறவங்க மேல.

அன்னிக்கே கேட்டேன். "220 டிகிரிங்க, பசங்க கையைச் சுட்டுக்குவாங்க"ன்னு பதில் வந்துச்சு. அடுத்த வாரமே அதே பசங்க ஏதோ ஒரு காட்டுல, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம, அதே தட்டைத்தானே பிடிக்கப்போறாங்க? அப்போ சுடாதா? கையுறை போட்டு, தெரிஞ்ச ஆள் பக்கத்துல நிக்கும்போது பழகுறதுக்குத்தானே பட்டறை! பைப் வீணாகும்னு இன்னொருத்தர். துண்டு பைப் எடைக்குக் கிடைக்குது. ஒட்டினது சரியில்லைன்னா அறுத்துட்டுத் திரும்ப ஒட்டலாம், ஒரு துண்டுலயே நாலஞ்சு தடவை பழகலாம்.

படத்துல வராத விஷயம் எவ்வளவோ இருக்கு. சீவின முனையை விரலால தடவிப் பார்க்கக்கூடாது, வேர்வையும் அழுக்கும் ஒட்டிக்கும். தட்டுல படிஞ்சதைக் கத்தியால சுரண்டினா டெஃப்லான் பூச்சு போயிரும். தட்டை உருவுறதுக்கும் சேர்க்கிறதுக்கும் நடுவுல தயங்கினா உருகின முகம் ஆறிப்போயிரும். அந்த வேகம் கைக்கு வரணும், காதுல கேட்டு வராது. ஒட்டின ஜாயின்ட்டை நீளவாக்குல பட்டையா அறுத்து, ரெண்டு முனையும் தொடுற அளவுக்கு வளைச்சுப் பார்க்கணும். ஒட்டின இடத்துல வாய் பிளந்தா தப்பு. தான் ஒட்டினது தன் கையிலயே பிளக்குறதைப் பார்த்தவன் அப்புறம் தண்ணி ஊத்த மாட்டான்.

அந்தப் பையன் சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு வரச்சொல்லியிருக்கேன். வாடகைக்கு ஒரு மெஷின், பழைய லைன்ல அறுத்தெடுத்த துண்டு இருபது, கூடவே பக்கத்து ஊர்ல இருபது வருஷமா இதே வேலை பார்க்குற அண்ணன் ஒருத்தர். அவர்கிட்ட சர்டிபிகேட் இல்லை.