பாட்டியின் மறதியும் ஒரு குழாய் ரத்தமும்

சென்ற ஆண்டு பாட்டியை ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். “இது எந்த மாதம்?” என்றதும் பாட்டி திருதிருவென விழித்தார். “தைப்பூசம் போன மாசந்தானே முடிஞ்சது, பாட்டி?” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே சரியான பதில் வந்தது. அன்று கிடைத்த மதிப்பெண்ணில் பாட்டியுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால்தான் அல்சைமர் நோய்க்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது என்ற செய்தி என்னை ஈர்த்தது. ரத்தத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை! மூளையில் அமிலாய்டு புரதம் படியும்போது ரத்தத்தில் பி-டாவ் 217 என்ற புரதம் கூடுகிறது. மறதி தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடுகிறது. இதுவரை அமிலாய்டு இருப்பதை உறுதிசெய்ய, செலவுமிக்க ‘பெட்’ ஸ்கேன் எடுக்க வேண்டும். இல்லையேல் முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுக்க வேண்டும். பாட்டி இரண்டுக்கும் சம்மதிக்க மாட்டார்.

இத்தகைய ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2025 மே மாதம் முதன்முறையாக அனுமதி தந்தது. ஆனால் யாருக்கு என்பதைக் கவனியுங்கள்: ஏற்கெனவே அறிகுறி தெரிபவர்களுக்கு. அதுவும் மற்றச் சோதனைகளோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நலமாக இருப்பவர்களுக்கு உடல்நலப் பரிசோதனைத் தொகுப்போடு இதை விற்கும் நிலை வந்தால் நான் எதிர்ப்பேன். மூளையில் அமிலாய்டு இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் பலர். லெகனெமாப், டோனனெமாப் மருந்துகளும் தொடக்கநிலை நோயின் வேகத்தைக் குறைக்குமே தவிர, குணப்படுத்தா. இந்நிலையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இன்னொன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இப்புரதம் அந்தக் காரணத்தாலேயே கூடக்கூடும். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர் ஒருவர்கூட இல்லாத இந்தியக் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை?

அறிகுறி உள்ளவர்களுக்கோ, இது பலதுறை மருந்தகத்திலேயே கிடைக்க வேண்டும் என்பேன். ஆனால் அவர்களை அங்கே அழைத்துப்போக வேண்டியவர்கள் நாம்தான். ரசத்தில் இரண்டுமுறை உப்பு விழுந்தபோது, “வயசானா அப்படித்தான்” என்று சொல்லியே எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த மாதம் பாட்டிக்கு மறுபரிசோதனை. தமிழ் பேசும் தாதி ஒருவரைக் கேட்டிருக்கிறோம். நான் வெளியே உட்காருவதாக ஏற்பாடு.