மைக்ரான் கணக்கு யாருக்கு?

பந்தய இன்ஜினுக்குத்தான் மைக்ரான் கணக்கு, தினம் ஓடும் புல்லட்டுக்கு அது வெட்டிச்செலவு என்கிறார்கள்.

1. பந்தய இன்ஜினை அடிக்கடி பிரிப்பார்கள். உங்களுடையதை அடுத்து எப்போது பிரிப்பீர்கள்? அப்படியானால் அளவு யாருக்குப் பிசகக் கூடாது?

2. பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. அது சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் தள்ளும் பக்கம் கூடுதல், உச்சியில் ரிங் திரும்பும் இடத்தில் இன்னும் கூடுதல். அந்தக் கோணலில் புது ரிங் எப்படி உட்காரும்? ரீபோர் செய்தாலும், இடைவெளி கூடினால் பிஸ்டன் தட்டும். குறைந்தால் சூட்டில் இறுகிவிடும். விரலால் தடவியே அளவு சொல்லும் மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு. விட்டம் அளக்கும் போர் கேஜ் எங்கே?

3. சிலிண்டர் சுவரில் ஹோனிங் விடும் குறுக்குக்கோடுகள் அழகுக்கல்ல, எண்ணெய் நிற்க.

தினம் ஓடும் வண்டிக்குக் கனெக்டிங் ராடைக் கண்ணாடியாக மெருகேற்றுவது வீண்தான். அதற்காக அளப்பதையுமா விடுவது?