மாடிக் கணப்பு

திற்பரப்பில் கோதையாற்று அருவியின் சாரலுக்கு நடுங்குகிறவர்கள் உண்டு. ஆயினும் குளிர்காய்வதற்கென்று வீட்டுக்குள் நெருப்பு வளர்க்கும் வழக்கம் நாஞ்சில் நாட்டில் இல்லை. அடுக்களையில் தரைமேல் அமைந்த அடுப்பு ஒன்றே நாம் அறிந்தது. ஆனால் உத்தியோகத்தை முன்னிட்டு நீலகிரிக்குச் சென்று, வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பங்களாக்களில் குடியேறும் நம்மவர்க்கு மாடியறைக் கணப்பும் சேர்ந்து வாய்க்கிறது. 1822-ல் ஜான் சல்லிவன் உதகையில் தமது கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். அதன் பின் அங்கே எழுந்த வீடுகள் பலவற்றுக்கும் இன்று முதுமை வந்துவிட்டது. அத்தகைய வீடொன்றில் வசிக்கும் அன்பர், மாடிக் கணப்பின் தளக்கல் பிளந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கொத்தனார் சிமெண்டைப் பூசி அரைநாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறாராம். சம்மதிக்கலாமா என்பது கேள்வி.

கூடாது என்பதே நமது பதில்.

கீழ்வீட்டுக் கணப்பின் அடியில் இருப்பது மண். மாடிக் கணப்பின் அடியிலோ மர உத்தரங்களும் கீழறையின் மச்சும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது பெரும்பாலும் ஒரு சிறு செங்கல் வளைவும் அதன்மேல் இட்ட காரையுமே. தளம் பிளந்தால் சூடும் தணலும் அவ்வழியே இறங்கி மரத்தைச் சிறிது சிறிதாகக் கரியாக்கும். நெடுநாள் சூடுபட்டுக் கருகிய மரம், புதுமரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். சுவாலை தெரியாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கவும் கூடும். மேலே சிமெண்டைப் பூசுவது புரையோடிய புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்றது. நெருப்பின் சூட்டில் அப்பூச்சும் வெடித்துப் பெயரும்.

செய்யவேண்டியது இது. முதலில் நெருப்பை நிறுத்துக. தளக்கற்களுக்கு அடையாளமிட்டுப் பெயர்த்தெடுத்து, அடியிலுள்ள வளைவையும் மரத்தையும் தச்சரைக் கொண்டு பார்க்கச் செய்க. கருகிய உத்தரத்தை மாற்றி, மரம் கணப்பைத் தொடாதபடி விலக்கி அமைத்தல் வேண்டும். விறகு எரியும் இடத்தில் சூளைக்குரிய தீச்செங்கல்லைத் தீக்களிமண் சாந்தில் பதிக்கலாம். சுற்றுப்புறத்துக்குப் பழைய சுண்ணாம்புக் காரையே பொருந்தும். புகைபோக்கியையும் அப்போதே துடைத்து, விரிசல் உண்டா என்று சோதித்துவிடுவது நலம். பிறகு நன்றாய் உலரும்வரை பொறுத்திருந்து, முதல் சில நாட்கள் சிறு நெருப்பே மூட்டுக.

அதுவரை குளிருக்கு அஞ்சி, மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துக்கொள்ள வேண்டாம். அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குகிறவர் விழிக்காமலே போக நேரும். ஒரு மாதம் கம்பளியோடு கழிப்பதில் நஷ்டமில்லை. அரைநாள் வேலைக்கு ஆசைப்பட்டால், கீழறையில் துயிலும் குழந்தைகளின் தலைக்கு மேல் நெருப்பை வளர்த்தவராவோம்.