கணக்கு விளையாட்டும் ஆசிரியரின் இடமும்

நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு வகுத்தலையும் பின்னத்தையும் வீடியோ விளையாட்டின் வழியே கற்பித்துவிடலாம் என்ற பேச்சு இன்று ஓங்கி ஒலிக்கிறது. விடை சரியானால் திரையில் நாணயம் குலுங்கும்; தவறினால் ஓர் ‘உயிர்’ குறையும்; அதட்டுவதற்கு எவரும் இல்லை. இதைக் கண்டு முகம் சுளிப்பது இடதுசாரிகளின் வேலை அல்ல. விளையாட்டு குழந்தையின் உரிமை. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்தத் திரை ஆசிரியருக்கு அருகில் வைக்கப்படுகிறதா, அவருடைய இடத்தில் வைக்கப்படுகிறதா?

இதற்கு விடை குஜராத்திலேயே கிடைத்திருக்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் ‘பிரதம்’ தொண்டு நிறுவனம் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கணினியில் கணக்கு விளையாட்டுகளை நடத்தியது. ஒரு கணினிக்கு இரு குழந்தைகள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி கணக்கு மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பின் அவ்வுயர்வின் பெரும்பகுதி கரைந்திருந்தது. அதே மாநிலத்தின் ‘ஞானசாலா’ பள்ளிகளில் லீ லிண்டன் நடத்திய ஆய்வு இன்னும் கூர்மையானது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் பயிற்சியாகக் கணினி வந்தபோது குழந்தைகள் முன்னேறினார்கள். ஆசிரியரின் பாடவேளையைப் பறித்துக்கொண்டு வந்தபோதோ, கணினியே இல்லாத குழந்தைகளைக் காட்டிலும் பின்தங்கினார்கள். மென்பொருள் ஒன்றுதான்.

காரணம் புரியாததல்ல. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்று 2025இல் வெளிவந்தது. காய்கறி விற்கையில் எடையையும் விலையையும் மனத்துக்குள்ளேயே பெருக்கிக் கூட்டி மீதிச் சில்லறை தரும் குழந்தைகள், பாடநூல் வடிவில் கணக்கைத் தந்தபோது தடுமாறினார்கள். பள்ளிக் குழந்தைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஓரிடத்தில் கற்ற கணக்கு மற்றோர் இடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. திரையில் புள்ளி குவிக்கும் திறமைக்கும் இதே கதிதான். கரும்பலகைக்கும் சந்தைக்கும் திரைக்கும் இடையே பாலம் கட்ட ஆசிரியர் வேண்டும்.

அந்த ஆசிரியர் எங்கே? ஒன்றிய அரசின் 2024-25 கல்விப் புள்ளிவிவரப்படி நாட்டில் 1,04,125 பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். 2023இல் 28 கிராமப்புற மாவட்டங்களில் எடுக்கப்பட்ட ‘அசர்’ கணக்கெடுப்பில், 14 முதல் 18 வயதுள்ளோரில் 43.3 சதவீதத்தினரே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தார்கள். இந்த இடைவெளியைத்தான் முதலாளிகள் ‘சந்தை வாய்ப்பு’ என்கிறார்கள். (இத்துறையின் ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர் கவனித்திருப்பார்கள்: அங்கே மாணவர் ‘பயனர்’, ஆசிரியர் பெரும்பாலும் இல்லவே இல்லை.)

பைஜூஸ் நிறுவனம் 2019இல் ‘ஆஸ்மோ’ என்ற அமெரிக்கக் கல்வி விளையாட்டு நிறுவனத்தை 12 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் வலையிலும் தானாகப் பணம் பிடிக்கும் ஒப்பந்தங்களிலும் சிக்க வேண்டாம் என்று 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் குறித்துப் பெற்றோரை எச்சரிக்க நேர்ந்தது. 2024 ஜூலையில் பைஜூஸ் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. அதற்குக் காரணமான வழக்கு, கிரிக்கெட் வாரியத்துக்கு வைத்த சுமார் 158 கோடி ரூபாய் விளம்பரப் பாக்கி! குழந்தைகளின் கணக்கை நிமிர்த்த வந்தவர்களின் கணக்கு இது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் பொதுத்துறையின் ‘கைட்’ நிறுவனம் கட்டற்ற மென்பொருளில் அமைந்த கல்வி விளையாட்டுகளைப் பள்ளிகளுக்குத் தந்தது. தொடக்க வகுப்புகளுக்குக் ‘களிப்பெட்டி’ என்ற பாடநூலும் வந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் இல்லை; தாய்மொழி உண்டு; ஆசிரியர் வகுப்பறையில் இருக்கிறார்.

ஆகவே உங்கள் பகுதிப் பள்ளிக்கு ‘விளையாட்டு வழிக் கணக்கு’ வரும்போது தோழர்கள் வாசலில் மறிக்க வேண்டியதில்லை. மென்பொருள் யாருடையது, குழந்தைகளின் தரவு யாரிடம் போகிறது, அப்பள்ளியில் காலியாக உள்ள கணித ஆசிரியர் பணியிடம் எப்போது நிரப்பப்படும் என்று எழுத்துமூலம் கேளுங்கள். பெற்றோரையும் கையெழுத்திடச் செய்யுங்கள்.