பாடமாக்கிய இருபது

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் தங்கச்சி கேட்டாள்: "ராத்தா, 1 இலிருந்து 100 வரை எழுதினா 7 எத்தனை தடவை வரும்?"

"இருபது" என்றேன், யோசிக்காமலே. சின்ன வயதில் வகுப்பில் பாடமாக்கியது.

"அப்ப 0?"

அதுவும் இருபது என்றேன். அவள் விரல்விட்டு எண்ணி, பதினொன்று என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குறுக்குவழி கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 00 முதல் 99 வரை எழுதினால் 200 இலக்கங்கள். பத்து இலக்கங்களும் அதில் சமமாகவே வரும். ஆகவே ஒவ்வொன்றும் 20. எவ்வளவு அழகு! ஆனால் 07 என்று யாரும் எழுதுவதில்லையே. முன்னால் நிற்கும் 11 பூச்சியங்களைக் கழித்து, 100 இல் உள்ள இரண்டைக் கூட்ட வேண்டும். (அந்த 100 ஆல் 1 மட்டும் 21 ஆகிவிடும்.)

நேரமில்லை, விடையைப் பாடமாக்கு என்கிறார்கள். இந்தக் காரணத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். காரணம் தெரியாத பிள்ளை, கேள்வி சற்று மாறினாலே என்னைப்போல் மாட்டிக்கொள்ளும்.

இப்போது 1000 வரை 0 எத்தனை என்கிறாள். 000 இலிருந்து தொடங்கிப் பார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.